கையளித்ததும் தோண்டி எடுத்ததும்: தங்கச்சிமடத்துத் தோட்டாவில் நினைவிடம் கட்டலாமா?

பரமக்குடி வாசகர் ஒருவரின் கேள்வி: "கொலம்பியாவில் போராளிகள் ஒப்படைத்த துப்பாக்கிகளை உருக்கி, தரைக்கு ஓடாகப் பதித்து ஒரு நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். நம் தங்கச்சிமடத்திலும் 2018-ல் தோண்டத் தோண்டத் தோட்டா வந்ததே. அதை வைத்துத் தனுஷ்கோடியில் இப்படி ஒன்று கட்டினால் என்ன? மண்டபம் ஊரில் கொல்லன் பட்டறை வைத்திருப்பவர் நீங்கள், சொல்லுங்கள்."

மே 4, இரவு 9.40

முடியாது.

தங்கச்சிமடத்தில் கிடைத்தது துப்பாக்கிக் குவியல் இல்லை. 2018 ஜூன் 25 அன்று அந்தோணியார்புரத்தில் ஒரு மீனவர் வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி வெட்டினார்கள். கடப்பாரையில் பெட்டி தட்டியது. அப்புறம் போலீஸ் வந்து தோண்டத் தோண்டப் பெட்டி பெட்டியாகத் தோட்டாவும் வெடிபொருளும் வந்தன. எண்பதுகளில் இங்கே இருந்த ஈழ இயக்கப் பொடியன்கள் புதைத்துவிட்டுப் போனவை என்கிறார்கள். தோட்டா என்பது ஒரு கூடு, கொஞ்சம் ஈயம், உள்ளே மருந்து. மருந்து இருக்கிற பொருளை எந்தக் கொல்லனும் உலைப் பக்கம் கொண்டுவர மாட்டான். எங்கள் கரையில் தோட்டா என்றால் மீனுக்குப் போடுகிற வெடி என்றும் ஒரு அர்த்தம் உண்டு. அதில் கை போனவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இது தொழில்காரன் பதில். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை நாளைக்கு எழுதுகிறேன். மீன்பிடித் தடைக்காலம், பட்டறை வாசலில் பதினோரு படகுக் காத்தாடிகள் கிடக்கின்றன.

மே 4, இரவு 11.15

தூக்கம் வரவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

கொலம்பியத் துப்பாக்கிகளை யாரும் தோண்டி எடுக்கவில்லை, பிடுங்கவும் இல்லை. ஃபார்க் என்ற கெரில்லா அமைப்பு 2016-ல் அரசோடு உடன்பாடு செய்தது. 2017-ல் ஐ.நா. குழுவிடம் ஆயுதங்களைக் கொடுத்தது. மொத்தம் 8,994 ஆயுதங்கள். அவற்றின் உலோகத்தில் மூன்று நினைவுச் சின்னங்கள் செய்ய வேண்டும் என்று உடன்பாட்டிலேயே எழுதியிருந்தார்கள். ஒன்று நியூயார்க்கில் ஐ.நா. வளாகத்துக்கு, ஒன்று பேச்சுவார்த்தை நடந்த கியூபாவுக்கு, ஒன்று கொலம்பியாவுக்கே. நீங்கள் சொல்லும் தரை அந்த மூன்றாவது. தலைநகர் பொகோட்டாவில், இடிந்து கிடந்த ஒரு பழைய வீட்டு வளாகத்தில் 2018 டிசம்பரில் திறந்தார்கள். பெயர் ஃபிராக்மென்டோஸ், அதாவது துண்டுகள். செய்தவர் டோரிஸ் சால்செடோ என்ற சிற்பி. 37 டன் உலோகம், 1,296 ஓடுகள்.

சிலையாக நிறுத்தாமல் ஏன் தரையாகப் போட்டார் என்றால், ஆயுதத்தை அண்ணாந்து பார்க்க வைப்பதில் அவருக்குச் சம்மதம் இல்லை. நிமிர்ந்து நிற்கிற எதுவும் கொஞ்சம் வெற்றித்தூண் ஆகிவிடும். தரையை மிதித்துக்கொண்டு போகலாம்.

அங்கே கொடுத்தவன் தெரிகிறான், வாங்கியவன் தெரிகிறான், எண்ணிக்கை தெரிகிறது. தங்கச்சிமடத்தில் புதைத்தவன் யாரென்று ஊருக்கே நிச்சயமில்லை. வீட்டுக்காரர் பாவம், கக்கூஸ் கட்டப் போனார். கொடுத்தவன் இல்லாத பொருளை வைத்து என்ன நினைவிடம் கட்டுவது?

மே 6

ஒரு திருத்தம். நேற்று பட்டறைக்கு வந்த இரண்டு பேரிடம் "அந்த நாட்டுப் பெண்கள் துப்பாக்கியைச் சம்மட்டியால் அடித்தே ஓடாக்கினார்கள்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். தப்பு. மறுபடி படித்தேன்.

பெண்கள் அடித்தது உண்மைதான். போரில் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்கள். ஆனால் அவர்கள் அடித்தது துப்பாக்கியை இல்லை, உலோகத் தகடுகளை. அந்தத் தகடுகளில் விழுந்த குழியும் மேடும் அச்சாகின. அந்த அச்சில்தான் உருக்கிய உலோகத்தை வார்த்தார்கள். ஓட்டின் முகத்தில் இருக்கிற ஒவ்வொரு பள்ளமும் யாரோ ஒருத்தி ஓங்கிய அடி. உருக்கிய வேலை அந்த நாட்டு ராணுவத் தொழிற்சாலையில் நடந்தது.

தொழில்காரனுக்கு இந்த வித்தியாசம் பெரியது. துப்பாக்கிக் குழலை நேராக அடித்தால் வளையும், நசுங்கும், அவ்வளவுதான். கரி உலையில் எஃகைப் பழுக்கக் காய்ச்சலாம், அடித்து நீட்டலாம், ஆனால் உருக்க முடியாது. வார்ப்பிரும்பு 1,200 டிகிரிக்குப் பக்கத்தில் இளகிவிடும். எஃகுக்கு 1,500 வேண்டும், அதற்கு மின் உலை இருக்கிற கோயம்புத்தூர் பட்டறைக்குத்தான் போக வேண்டும். என் அப்பா நாற்பது வருடம் துருத்தி ஊதியவர். கேட்டிருந்தால் "அச்சை மட்டும் நாம அடிப்போம், ஊத்துறதை ஊத்துறவன் பாத்துக்கட்டும்" என்றுதான் சொல்லியிருப்பார். அந்தச் சிற்பி செய்ததும் அதுதான்.

மே 7

கீழே ஒருவர் "தனுஷ்கோடி வெயிலில் இரும்புத் தரை, செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னால் அதுதான் சரியான அஞ்சலி" என்று எழுதியிருக்கிறார். அண்ணே, அரிச்சல்முனையில் பன்னிரண்டு மணிக்குத் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நின்று பாருங்கள். அப்புறம் பேசுவோம்.

மே 11

வெயிலைவிடப் பெரிய சங்கதி உப்புக் காற்று. அதை யாருமே கேட்கவில்லை.

1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் துருவாலேயே ஓய்ந்தது. 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு என்று ஏகப்பட்ட ஏற்பாடு. நான் அடித்துக் கொடுக்கிற கொக்கி பெயின்ட் அடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் செம்மண் நிறமாகிவிடும். பொகோட்டா மலைமேல் இருக்கிற ஊர், கடலே கிடையாது. அங்கே அந்தத் தரை கூரைக்கு அடியில் கருப்பாக அப்படியே கிடக்கும். தனுஷ்கோடியில் போட்டால் இரண்டு மழைக்காலத்தில் பொருக்கு பொருக்காக உரியும்.

எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். டீக்கடையில் எண்ணம் மாறிவிட்டது. உரியட்டுமே. பொகோட்டா இடத்துக்கே ஒரு கால அளவு வைத்திருக்கிறார்கள். போர் நடந்தது 53 வருடம், அதனால் அந்த இடத்தில் கலைஞர்களின் புதுப்புதுப் படைப்புகளை 53 வருடம் வைப்பதாகத் திட்டம். அவர்கள் ஆண்டுக் கணக்கு வைத்தார்கள், நாம் துருக் கணக்கு வைப்போம். தானாகத் தேய்ந்து மணலோடு போனால் போகட்டும்.

(அந்தப் போர் தொடங்கிய வருடம் 1964. தனுஷ்கோடியைக் கடல் கொண்ட வருடமும் 1964. இதில் ஒரு அர்த்தமும் இல்லை. ஆனால் கண்ணில் பட்டதிலிருந்து மண்டையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.)

மே 11, இரவு

என் மனைவி இதைப் படித்துவிட்டுச் சொன்னது: "துருப்பிடிக்க எங்க விடுவானுங்க? மூணாம் நாள் காயலான் கடையில கிலோ கணக்குல கிடக்கும்."

மறுக்க முடியவில்லை. எங்கள் தெருச் சாக்கடை மூடி போன கதை ஊருக்கே தெரியும்.

ஆனால் திருட்டுப் போகாத இரும்பும் இருக்கிறது. நம் பக்கம் கருப்பர் கோவில்களில் பாருங்கள். வேண்டுதலுக்கு நேர்ந்துவிட்ட அரிவாள் ஆள் உயரத்துக்கு வரிசையாக நட்டிருக்கும். வேலியும் கிடையாது, காவலும் கிடையாது. மழையில் நனைந்து துருவேறி நிற்கும். எந்தக் குடிகாரனும் ஒன்றைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட மாட்டான். ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு வருவதும், கொடுத்தது அங்கேயே நின்று ஒரு இடமாவதும் நமக்கு ஒன்றும் புதிது இல்லை. நடுகல்லுக்குப் பக்கத்தில் வேல் ஊன்றிக் கேடயத்தைச் சாத்திய காலத்திலிருந்தே இருக்கிறது.

ஒரு வித்தியாசம், அதுவும் பட்டறைக்காரனுக்குத் தெரிந்த வித்தியாசம். கோவிலுக்கு அடிக்கிற அரிவாளுக்கு நாங்கள் சாணை பிடிப்பதில்லை. அது யாரையும் வெட்டியதில்லை, வெட்டப் போவதும் இல்லை. பொகோட்டா ஓட்டுக்குள் இருப்பது சுட்ட துப்பாக்கி. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது என் அவசரம். வாபஸ்.

மே 12

மொசாம்பிக் பற்றி ஒருவர் கேட்டார். எனக்குப் பொகோட்டாவைவிட இது பிடிக்கும்.

1992-ல் உள்நாட்டுப் போர் முடிந்தது. வீட்டுக்கு வீடு துப்பாக்கி புதைந்து கிடந்தது. தங்கச்சிமடம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நாடு முழுக்க. 1995-ல் தினிஷ் செங்குலானே என்ற ஆங்கிலிக்கன் ஆயர் ஒரு திட்டம் தொடங்கினார்: துப்பாக்கியைக் கொண்டுவா, தையல் மிஷின் வாங்கிக்கொள். சைக்கிள், கலப்பை, மண்வெட்டி, எது வேண்டுமோ அது. வந்த துப்பாக்கிகளைத் துண்டு போட்டுச் சிற்பிகளிடம் கொடுத்தார்கள். கெஸ்டர் என்கிற சிற்பி 2001-ல் அவற்றை வைத்து ஒரு நாற்காலி செய்தார். அதற்கு ஆயுத சிம்மாசனம் என்று பெயர், இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் இருக்கிற ஒரு துப்பாக்கிகூட மொசாம்பிக்கில் செய்தது இல்லை. எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, செத்தவன் மட்டும் உள்ளூர்க்காரன்.

இவ்வளவு செய்த நாட்டின் தேசியக் கொடியில் இன்றைக்கும் ஒரு ஏ.கே.47 படம் இருக்கிறது. கூடவே மண்வெட்டியும் புத்தகமும். போகட்டும், கொடியை உருக்க முடியாது.

மெக்சிகோ கதையும் இதே வகை. குலியாகன் நகரில் மக்களிடம் வீட்டுச் சாமான் கூப்பன் கொடுத்து 1,527 துப்பாக்கிகளை வாங்கினார்கள். பெத்ரோ ரெயெஸ் என்ற கலைஞர் அவற்றை உருக்கி 1,527 மண்வாரிகள் செய்து, ஒவ்வொன்றாலும் ஒரு மரம் நடச் சொன்னார். எண்ணிக்கையைச் சரிக்குச் சரி வைத்தாரே, அந்த ஆள் நிச்சயம் கணக்கில் புலி.

மே 18

இன்றைக்கு எங்கள் ஊர் இலங்கை அகதிகள் முகாமில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். முள்ளிவாய்க்கால் நாள். அதனால் கிண்டல் எதுவும் எழுத மனசு இல்லை.

பதினைந்து நாளாக இங்கே சட்டம் பேசுகிற நான் ஒன்றை மறைத்து வைத்திருந்தேன். என் பட்டறையில் வாஷரும் காட்டர் பின்னும் போட்டு வைத்திருக்கிற பெட்டி ஒரு தோட்டாப் பெட்டி. காலிப் பெட்டிதான், இரும்பு, ஒரு காலத்தில் பச்சை. ஓரத்தில் ரப்பர் வைத்து இறுக்கமாக மூடும் மூடி, அதனால் உள்ளே வைக்கிற சாமான் துருப்பிடிக்காது. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு எல்லா உருப்படியோடும் சேர்த்து அதற்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். ஆயுத பூஜையில் உண்மையிலேயே ஆயுதச் சாமானுக்குப் பொட்டு வைக்கிற வீடு இந்த மாவட்டத்தில் எங்களுடையது மட்டுமாக இருக்கலாம்.

மே 19

"போலீஸ் வரப்போகுது" என்று ஒன்பது பேர். வரட்டும். வாஷர் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும்.

கதை இதுதான். 1986, எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தக் காலத்தில் பொடியன்கள் எங்கள் ஊரில் சாதாரணமாக நடமாடினார்கள். அவர்கள் படகுக்குச் சுக்கான் முறிந்தால் அப்பாவிடம்தான் வருவார்கள். ஒரு நாள் நெட்டையாக ஒருத்தன் வந்தான், சுக்கான் தண்டைச் சரிசெய்து வாங்கினான். கையில் காசு இல்லை. இந்தப் பெட்டியை வைத்தான். "ஐயா, இது இருக்கட்டும், காசு கொண்டுவந்து தந்துட்டு எடுக்கிறன்" என்றான். அப்பாவுக்குப் பெட்டி வேண்டாம், ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் பயம்.

அந்த வருடம் நவம்பர் 8 அன்று தமிழ்நாடு முழுக்க இயக்கங்களின் ஆயுதங்களைப் போலீஸ் பறித்தது. பெட்டி கரி மூட்டைக்கு அடியில் போனது. 1991 மே மாதத்துக்குப் பிறகு எல்லோருக்கும் பயம், யாரோடு பேசினோம் என்பதையே மறந்த காலம். அப்பா ஒரு ராத்திரி உட்கார்ந்து பெட்டிமேல் இருந்த எழுத்தையெல்லாம் அரத்தால் ராவித் தள்ளினார். ராவிய இடம் இன்றைக்கும் வழவழப்பாக இருக்கிறது. எனக்கு அந்த அரச் சத்தம்தான் ஞாபகம்.

அந்த நெட்டையன் வரவே இல்லை. ஆக, முதல் நாள் நான் சொன்ன வகைப்பாட்டில் இது எதிலும் சேராது. ஒப்படைத்ததும் இல்லை, பிடிபட்டதும் இல்லை, தோண்டி எடுத்ததும் இல்லை. அடகு.

மே 25

பேய்க்கரும்பு போயிருந்தேன். விருந்தாளி வந்தால் கலாம் நினைவிடத்துக்குக் கூட்டிப்போவது எங்கள் ஊர் வழக்கம். 2017-ல் திறந்தது, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமே கட்டியது. அங்கே ஏவுகணை மாதிரிகளுக்கு முன்னால் நின்று பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பளபளவென்று பெயின்ட்.

எனக்கு ஔவை தொண்டைமானின் ஆயுதச் சாலையைப் பார்த்த கதை ஞாபகம் வந்தது. உன் ஆயுதங்கள் மயிற்பீலியும் மாலையும் சூடி நெய் பூசிக் காவலில் இருக்கின்றன, எங்கள் அதியமானின் ஆயுதங்களோ குத்திக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாளாம். அவள் சொன்னது வீரப் பெருமைக்கு. எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது: அந்தக் கொல்லன் அவற்றை என்ன செய்திருப்பான்? திரும்ப வடித்துக் கொடுத்தானா, இல்லை ஒன்றிரண்டைக் கொழுவாக அடித்து உழவனுக்கு விற்றானா? எங்கள் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும். ஒன்றாவது கொழுவாகியிருக்கும்.

கலாம் நினைவிடத்தைக் குறை சொல்கிறேன் என்று பாய வேண்டாம். அந்த மனுஷர் ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைந்த பொருளை எடுத்துப் போலியோ பிள்ளைகளின் காலுக்கு மாட்டும் கேலிப்பர் செய்ய வைத்தவர். 3 கிலோ இரும்பை இழுத்துக்கொண்டு நடந்த பிள்ளைக்கு 300 கிராம். நம் கரையில் பிறந்தவர் செய்த இந்த வேலை மொசாம்பிக் தையல் மிஷினுக்குக் கொஞ்சமும் குறைந்தது இல்லை. ஏவுகணைப் படம் பார்த்துத் திரும்புகிற கூட்டத்துக்கு அந்த 300 கிராம் கேலிப்பரைக் கையில் தூக்கிப் பார்க்கக் கொடுக்க வேண்டும். சும்மா பார்ப்பதற்கில்லை, எடை தெரிய வேண்டும்.

மே 26

ராமலிங்க விலாசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார் ராமநாதபுரத்து நண்பர். சரி. சேதுபதி அரண்மனையில் வளரி, வாள், ஈட்டி எல்லாம் இருக்கின்றன. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, டிசம்பரில் கம்பெனி ஒரு பிரகடனம் போட்டது: ஊரில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, ஒப்படைக்க வேண்டும், மீறினால் உயிருக்கு ஆபத்து. அதுவும் ஒப்படைப்புதான், பேருக்கு. கழுத்தில் கத்தி வைத்து வாங்கியதை உருக்கி எவனாவது நினைவிடம் கட்டியிருந்தால் அது கம்பெனியின் வெற்றித்தூணாக நின்றிருக்கும். ஒப்படைத்தால் மட்டும் போதாது, எப்படி ஒப்படைத்தான் என்பதும் வேண்டும். மே 4 அன்று இந்தப் பாதியை நான் விட்டுவிட்டேன்.

ஜூன் 2

முகாமில் இருக்கிற ஒரு அக்கா அடிக்கடி பட்டறைக்கு வருவார். அடுப்புக்கால், கட்டில் பட்டி என்று ஏதாவது பற்றவைக்க இருக்கும். மன்னார்ப் பக்கத்து ஊர், 1990-ல் படகில் வந்தவர். மகன்கள் பெயின்ட் வேலைக்குப் போகிறார்கள். முகாமுக்கு 2021-லிருந்து மறுவாழ்வு முகாம் என்று பெயர். அக்காவுக்கு அது இன்னும் "காம்ப்"தான்.

நான் இந்த விவாதத்தை அவரிடம் சொன்னேன். ஆயுதத்தை ஒப்படைத்தார்கள் என்றேன். "கையளிச்சவை எண்டு சொல்லுங்கோ" என்றார். அவர்கள் பேச்சில் அது கையளிப்பு. 1987 ஆகஸ்ட் 5, யாழ்ப்பாணத்துப் பலாலி. இந்திய-இலங்கை உடன்பாடு முடிந்து ஒரு வாரத்தில் புலிகள் ஆயுதம் கையளித்த நிகழ்ச்சி. ஊரே நிம்மதியாக மூச்சு விட்டதாம். அக்டோபரில் இந்திய ராணுவத்தோடே சண்டை. "கையளிச்சது கொஞ்சம், கையிலை இருந்தது மிச்சம்" என்றார் அக்கா, சிரிக்காமல்.

மாலியிலும் இதே கதி. 1996 மார்ச்சில் திம்புக்டுவில் சுமார் 3,000 துப்பாக்கிகளைக் குவித்துத் தீ வைத்தார்கள், சமாதானத்தின் சுவாலை என்று அந்த இடத்தில் நினைவுச் சின்னமும் எழுப்பினார்கள். 2012-ல் ஆயுதக் குழுக்கள் அதே ஊரைப் பிடித்தன.

அதற்காகச் செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையளித்தல் என்ற சொல் எனக்குப் பிடித்துவிட்டது. ஒப்படைப்பது ஆபீஸ் வேலை, ரசீது கேட்கும். கையளித்தால் இன்னொரு கை நீண்டிருக்க வேண்டும். தங்கச்சிமடம் விஷயத்தில் அந்தக் கை எது? என் யோசனை இதுதான்: தனுஷ்கோடியில் என்ன கட்டினாலும் சரி, தகட்டில் அடிக்க இந்த அக்கா மாதிரி ஆட்கள் கையில்தான் சம்மட்டியைக் கொடுக்க வேண்டும். அக்கரையிலிருந்து வந்தவர்கள், அப்புறம் கடலுக்குப் போன புருஷன் திரும்பாத இக்கரைப் பெண்கள். பெட்டியை நான் தருகிறேன். தகடு பிரித்தால் இரண்டு அச்சுக்கு வரும்.

ஜூன் 3

பரமக்குடி வாசகர் "அப்போ முடியாது என்று சொன்னவர் இப்போது இடம் பார்க்கத் தொடங்கிவிட்டாரா?" என்கிறார். ஆமாம். பாயின்ட் உங்களுக்கு.

ஜூன் 13

நாளை நள்ளிரவோடு தடைக்காலம் முடிகிறது. பேச நேரமில்லை. எல்லாருடைய சாஃப்ட்டும் இன்றைக்குத்தான் வளைந்திருக்கிறது.

ஜூன் 22

அக்கா நேற்று வந்தார். நான் ஒரு ஏற்பாட்டோடு காத்திருந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வாஷரையெல்லாம் ஐஸ்கிரீம் டப்பாவுக்கு மாற்றிவிட்டு, பெட்டியைப் பட்டடைக் கல்மேல் வைத்து, பக்கத்தில் இரண்டு கிலோ சம்மட்டியைத் தயாராக வைத்திருந்தேன். ஒரு அடி அடிப்பார், நான் போட்டோ எடுத்து இங்கே போடுவேன் என்று கணக்கு.

அக்கா பெட்டியைக் கையில் எடுத்தார். மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். ரப்பரை விரலால் அமுக்கிப் பார்த்தார். அவர் ஊரில் வீட்டுக்கு வீடு இது இருந்ததாம். சின்னதில் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கொப்பி, பெரியதில் அரிசி.

"இதை ஏன் தம்பி நசுக்கப் போறியள்? எலி போகாது, எறும்பு போகாது. என்னட்டைத் தாங்கோவன்."

நான் கொலம்பியா என்றேன். பெண்கள், தகடு, அச்சு எல்லாம் மறுபடி சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். அவர்களுக்கு அடிக்க வேணும் போல இருந்திருக்கும், அடிச்சவை, நல்லது என்றார். பிறகு "எனக்கு இந்தப் பெட்டி வேணும் போல இருக்கு" என்றார்.

அடகுப் பொருள் அக்கா, உடையவன் வந்தால் என்ன சொல்வது என்று கேட்டேன், பாதி விளையாட்டாக. எத்தனை வருசம் என்றார். முப்பத்தொன்பது. "அப்ப வட்டி மட்டுமே பெட்டியின்ரை விலையைத் தாண்டியிருக்கும். அவன் வந்தா காம்புக்கு அனுப்பி விடுங்கோ, நான் கதைக்கிறன்."

ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: அந்தப் பச்சை வேண்டாம். படகுக்கு அடித்து மிஞ்சிய நீலம் கால் டப்பா இருந்தது. இரண்டு கோட் அடித்தேன். அப்பா ராவிய இடத்தில் மட்டும் பெயின்ட் பிடிக்க மாட்டேன் என்றது, எமரி தேய்த்து மறுபடி அடித்தேன். இன்று காலையில் காய்ந்ததும் வந்து வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் மகன் அடுப்புக்கால் கொண்டுவந்தபோது கேட்டேன்: ரேஷன் அரிசி ஏழு கிலோ பிடிக்கிறதாம், ஆனால் பெயின்ட் வாசம் போகும்வரை அம்மா அரிசி போடவில்லையாம்.

தனுஷ்கோடிக்கு வேறு யாராவது பெட்டி கொடுங்கள்.